இடது பக்கம் முழுக்க

வைக்கோல் வியாபாரிக்கு ஊர் வைத்த பெயர் முக்கால். யார் எந்த விலை சொன்னாலும், பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "முக்காலுக்குக் குடு" என்றுதான் ஆரம்பிப்பார். முடி வெட்டுகிறவரிடமும் அப்படிக் கேட்டுவைத்தார். "அப்ப முக்கால் தலைதான் வெட்டுவேன், பரவாயில்லையா?" என்றார் அவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. விளம்பரப் பலகை எழுதுகிற செலவு மிச்சம்.

அறுவடை முடிந்த வயல்களில் கிடக்கும் வைக்கோலை மெஷின் விட்டுச் சுருட்டிக் கட்டி, அட்டை மில்லுக்கு அனுப்புவது அவர் தொழில். அந்தத் தொழிலில் எழுத்து கிடையாது, வாய்தான். வாய்க்கால் ரோட்டைச் சொல்லி "இடது பக்கம் முழுக்க" என்றால், இடது பக்கத்து வைக்கோல் அத்தனையும் கைமாறிவிட்டது என்று அர்த்தம். சொன்ன பிறகு நாக்கு புரளக் கூடாது. புரண்டவனின் போனை மறுவருஷம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்த இடது பக்கத்தின் நட்டநடுவில் இருந்தது அவர் மனைவியின் வயல். அவளுடைய அப்பா கொடுத்தது. அதன் வைக்கோலை அவள் விற்கவும் விடமாட்டாள், கொளுத்தவும் விடமாட்டாள். அப்படியே பரப்பி, மண்ணோடு மக்கவிடுவாள். ஆகவே வருஷா வருஷம் முக்கால் மில்லுக்காரரிடம், "இடது பக்கம் முழுக்க, எங்க வீட்டம்மா வயல் நீங்கலா" என்று சொல்லி விலை முடிப்பார்.

"ஊரையே வளைச்சுப் போடறே, வீட்டுக்குள்ள உன் பாச்சா பலிக்கலையே அண்ணே" என்று சிரிப்பார் மில்லுக்காரர்.

அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள், வேலை ஓய்ந்த நேரத்தில் தன் வயல் மண்ணையும் ஒரு சிட்டிகை கரைத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

"இன்னிக்கு என்ன நிலவரம்?" என்பார் முக்கால், சந்தையை விசாரிப்பது போல.

"நல்ல கூட்டம். எல்லாம் தின்னுட்டே இருக்கு."

"உழைக்கிறது நான். தின்கிறது அதுங்களா?"

முதல் வருஷம் அவளுடைய பயிர் வெளிறி மஞ்சளடித்து நின்றது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் முக்காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வைக்கோலை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பெருகும், பிறகு மடிந்து பயிருக்கே திருப்பிக் கொடுக்கும் என்று அவள் விளக்கினாள். "முதல் பந்தி அதுங்களுக்கு. பயிர் கொஞ்சம் பொறுக்கணும்." பயிர் பொறுத்தது. பிறகு வந்த வருஷங்களில் அவள் வாங்கும் உர மூட்டை குறைந்துகொண்டே போனது. மழைக்கு அடுத்த நாள் மற்ற வயல்களில் தண்ணீர் மேலேயே நிற்கும். அவள் வயல் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

ஒரு தடவை முக்காலின் பனியன்கள் இரண்டு காணாமல் போயின. ஒன்றைத் தன் வயலிலும், மற்றதை வருஷந்தோறும் வழித்து விற்கிற பக்கத்து வயலிலும் அவள் புதைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டியபோது, பக்கத்து வயல் பனியனை அலசிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே போயிருக்கலாம். இவள் வயலில் தையல் நூலும் கம்பெனிப் பட்டையும்தான் மிச்சம்.

"முழுசா தின்னுட்டு ஒரு ஏப்பம்கூட விடலையே" என்று சிரித்தார் முக்கால். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பக்கத்து வயலை அத்தனை வருஷமாக வழித்து விற்றது அவர்தானே.

இந்த அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், என்னவோ களைப்பாக இருக்கிறதென்று அவள் தன் இரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது குரல் மாறவில்லை.

"டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்துட்டு, இது யாரோடதுன்னு கேட்டாரு. என்னோடதுன்னேன். அப்புறம் அவரு பேசவே இல்ல."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து ஏறியது, முடி உதிர்ந்தது, அவள் உடம்பு படுக்கை விரிப்புக்குக் கீழே நாளுக்கு நாள் தட்டையாகிக்கொண்டே போனது. ஒருநாள் பெரிய டாக்டர் முக்காலை வராந்தாவுக்கு அழைத்து, இனி இங்கே செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. மில்லுக்காரர்.

"அண்ணே, இடது பக்கம்?"

"முழுக்க எடுத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

டாக்டர் தொடர்ந்தார். எத்தனை நாள் என்று முக்கால் கேட்கவில்லை. சொல்லும் கணக்கைப் பழக்க தோஷத்தில் முக்காலாகக் குறைத்துவிடுவோமோ என்று தன் வாயைப் பார்த்துத் தானே பயந்தார்.

திரும்பி அறைக்குள் போனதும் அவள் கேட்டாள். "அறுப்பு முடிஞ்சிருக்குமே. போற வழியில வயலைப் பாத்துட்டுப் போலாங்க. வைக்கோல் பரப்பினதும் ஒரு வாசனை வரும். அது வேணும்."

"அதுக்கென்ன, பாத்துட்டுப் போலாம்" என்றார்.

மறுநாள் மெஷின் டிரைவர் போன் செய்தான். "முதலாளி, இடது பக்கம் முடிஞ்சுது. அக்கா வயல்லயும் ஒரு தாள் விடல."

முக்கால் அறையை விட்டு வெளியே வந்தார். "அத எதுக்குடா தொட்டே?"

"நீங்கதான் முழுக்கன்னு சொன்னீங்களாம். மில்லுல ரெண்டு தரம் கேட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"அக்கா ஆஸ்பத்திரில கிடக்கும்போது வைக்கோலுக்காகப் போன் பண்றதான்னு இருந்துச்சு, முதலாளி."

போனை வைத்துவிட்டு வயலுக்குப் போய்ப் பார்த்தார். துடைத்துவிட்ட தரை மாதிரி கிடந்தது. இந்த வருஷத்து வைக்கோல் மட்டுமல்ல, பழைய வருஷங்களின் பாதி மக்கிய கருப்புப் படுகையையும் மெஷினின் பற்கள் வாரிக்கொண்டு போயிருந்தன. ஒரு துரும்பு விடாமல் எடுக்க டிரைவரைப் பழக்கியது அவரேதான்.

அங்கிருந்து நேராக மில்லுக்குப் போனார். அவள் வயல் கட்டு அதற்குள் மலைபோலக் குவிந்த மற்ற கட்டுகளோடு கலந்து, பாதி அரைபட்டும் போயிருந்தது.

"எதாவது ரெண்டு லோடு திருப்பிக் குடு. விலையை நீ சொல்லு" என்றார்.

மில்லுக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, "அண்ணன் வண்டில ஏத்துங்கப்பா" என்றார்.

"விலை சொல்லுப்பா."

"போண்ணே. போய் வேலையப் பாரு."

ஒரு கட்டுக்குக்கூட மல்லுக்கு நிற்காமல் விட்டதில்லை அந்த மனிதர். டாக்டர் சொன்னதை இரண்டு நாளாக நம்பாமல் இருந்த முக்கால், மில்லுக்காரர் விலை சொல்லாதபோதுதான் நம்பினார். லாரியின் மறுபக்கம் போய் நின்று, வேட்டித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அவரும் டிரைவருமாகக் கட்டுகளை அவிழ்த்து, கையாலேயே உதறிப் பரப்பினார்கள். மறுநாள் அவளைக் காரில் அழைத்து வந்தார். வாய்க்கால் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் மண்ணு எடுத்துட்டு வாங்க."

இறங்கிப் போய் ஒரு பிடி அள்ளி வந்தார். அவள் விரல்களுக்கிடையில் உருட்டினாள். உருளவில்லை, பழைய மக்கின் கருப்பே இல்லாமல் பொடியாக உதிர்ந்தது.

"மேல இருக்கறது யார் வீட்டு வைக்கோல்?"

முக்கால் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "மில்லுக்காரன் கேட்டப்ப, உன் வயல் நீங்கலான்னு சொல்ல விட்டுப்போச்சு."

"எப்பக் கேட்டாரு?"

"டாக்டர் பேசிட்டிருந்தப்ப."

அவள் கையில் மிஞ்சிய மண்ணை ஜன்னலுக்கு வெளியே உதறினாள். பிறகு அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ஒரு தடவை வழிச்சதுக்கு மண்ணு செத்துடாதுங்க. உள்ள இருக்கறதுங்க பட்டினி கிடக்கும். கொஞ்சம் சாகும், மிச்சம் உறங்கிடும். இந்த வைக்கோல் ஊறி மக்க ஆரம்பிச்சா எழுந்துக்கும்."

"எவ்வளவு நாள் அப்படிக் காத்திருக்கும்?"

"அதுங்களுக்கென்ன. வருஷக்கணக்காக்கூட."

முக்கால் அவள் பக்கம் திரும்பினார். "நீயும் ஒரு போகம் இரேன்."

அவள் தலையை அசைத்தாள்.

"சரி, விதைக்கிற வரைக்கும்."

"இல்லீங்க."

"முதல் மழை வரைக்குமாவது."

எதிராளி விலை சொல்லாமல் தன் விலையைத் தானே இறக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அவர் அதோடு நிற்கவில்லை, இன்னும் இறங்கினார். "இந்த மாசக் கடைசி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது. இருமல் அடங்கும்வரை அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் எலும்பு எலும்பாக இருந்தது.

"வீடு வரைக்கும் வர்றேன்" என்றாள். "வண்டிய எடுங்க."

அவர் வண்டியை எடுத்தார். நடந்து போகிறவர் முந்திப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். ஓரம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டார்; அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் விட்டார்.