தட்டில் வைத்த முடி

மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவர் தான் யாரென்று காட்டிக்கொள்ளக்கூடாது. இம்மாகுலேற்றின் குடும்பத்தில் இது எழுதாத சட்டம். பெண்வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாய்ப் படுத்திருக்கும். பிறகு விசாரித்து என்ன பிரயோசனம்?

லண்டனில் கூடவே இருக்கும் தங்கை பியற்றிஸுக்கு முதல் பேசிய சம்பந்தத்தை டெலிபோனிலேயே விசாரித்திருந்தார்கள். சுவிஸிலிருந்து நாலு பேர், ஒருவர் தவறாமல், தங்கமான பொடியன் என்றார்கள். மண்டபமும் பிடித்து, தேவாலயத்தில் திகதியும் கேட்ட பிறகுதான் அந்தத் தங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் கைக்குழந்தையும் இருப்பது தெரியவந்தது. பியற்றிஸ் ஒரு கிழமை கவுன்சில் அலுவலக வேலைக்குப் போகவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு.

அதனால், தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு சித்திரையில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் ஊர்க்காரி மேரிறோஸ் தன் அக்காவின் மகன் சூசைதாசனைப் பற்றிச் சொன்னபோது, இம்மாகுலேற் டெலிபோனை நம்பத் தயாராக இல்லை. பொடியன் இத்தாலியில், பொலோன்யா நகரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டலில் இருக்கிறான். ஆறு வருஷம் குசினியில் கோப்பை கழுவி, இப்போதுதான் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாற விட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். அந்த ஹோட்டலிலேயே விருந்தாளியாய் இரண்டு இரவு தங்கி, அவன் கையால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவதென்று இம்மாகுலேற் முடிவெடுத்தாள்.

தம்பி யாக்கோப்புக்கு இது பிடிக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனாலே நாலு கடை ஏறி இறங்குகிறவள், மாப்பிள்ளைக்கு நாடு விட்டு நாடு போகாமல் இருப்பாளா என்று நக்கலடித்தான்.

"ஹோட்டல்காரனை ஹோட்டல்காரிதான் அளக்கோணும்," என்றாள் அவள். "நீ போனா நல்லாத் திண்டுபோட்டு, நல்ல பொடியன் எண்டு வந்து சொல்லுவாய்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாடிங்டனில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருஷமாக அறை துப்புரவாக்குகிறாள். பொலோன்யாவில் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கதிரையில் ஏறிக் கதவுநிலையின் மேற்பக்கத்தை விரலால் தடவினாள். தூசி இல்லை. மெத்தை விரிப்பின் மூலைகளை இழுத்துப் பார்த்தாள். அதுவும் சரி. விடிய எழும்பித் தன் கட்டிலைத் தானே விரித்து, குளியலறையையும் துடைத்துவிட்டுத்தான் வெளியே இறங்கினாள். விருந்தாளி அதைச் செய்வதில்லை என்பது லிஃப்டுக்குள் போன பிறகே ஞாபகம் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் அவனை உடனே கண்டுபிடித்தாள். மேரிறோஸ் தந்த படத்தில் இருந்ததைவிட மெலிவு. காதுகள் அதே காதுகள். பக்கத்து மேசைக் குழந்தை பழச்சாறை விரிப்பெல்லாம் ஊற்றியபோது முகம் சுளிக்காமல் துடைத்தான். ஒரு கிழவருக்கு இறைச்சியை வெட்டிக் கொடுத்தான். அவளிடம் ஆங்கிலத்தில் பணிவாகப் பேசினான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பும் யூனிபோமில் ஒரு பகுதி என்பது இம்மாகுலேற்றுக்குத் தெரியும். அவளும் பதினொரு வருஷமாக அதைப் போட்டுக் கழற்றுகிறவள். ஒரு பிழை நடக்க வேண்டும். பிழை நடந்ததும் பழியை எவன் யாருடைய தலையில் போடுகிறான் என்பதில்தான் ஆளின் உள்வீடு தெரியும். பாடிங்டனில் அப்படிப் போடப்பட்ட பழிகளில் அரைவாசி அவள் தலையில் இறங்கியவை.

பாஸ்தா வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கொண்டையைச் சரிசெய்வதுபோல் கையைக் கொண்டுபோய், ஒரு முடியைப் பிடுங்கி, தட்டின் ஓரத்தில் வைத்து, கையை உயர்த்தினாள்.

சூசைதாசன் வந்தான். முடியை இரண்டு விரலால் தூக்கினான். முழத்துக்குக் குறையாத நீளம். வெளிச்சத்தில் எண்ணெய் மினுங்கியது. அவன் கண் ஒரு கணம் அவள் கொண்டையில் நின்று இறங்கியது. மன்னிப்புக் கேட்டான், தட்டை எடுத்தான், புதுத் தட்டு கொண்டுவந்தான். அதற்குள் பின்மேசைக்காரர் பார்த்துவிட்டார், ஹோட்டல் முகாமையாளரும் வந்துவிட்டார். அவனும் முகாமையாளரும் சுவரோரம் நின்று இத்தாலிய மொழியில் கதைத்தார்கள். குசினிப் பக்கம் அவன் கைகாட்டவில்லை. அவள் பக்கமும் காட்டவில்லை. தன் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டினான்.

அது போதும் என்று அவளுக்குப் பட்டது. லண்டனில் பிளேஸ்டோ வீட்டுக்குத் திரும்பி, சப்பாத்தைக் கழற்ற முன்னரே, பேசி முடிக்கலாம் என்றாள். கோபம் வராத பிள்ளை, பழி சுமத்தாத பிள்ளை என்றாள். எப்படித் தெரியும் என்று பியற்றிஸ் கேட்டதற்கு, பார்த்தால் தெரியாதா என்று சொல்லி மழுப்பினாள். பியற்றிஸ் படத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை மேரிறோஸ் டெலிபோன் எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. நல்ல காரியம் பேசும்போது ஒளிக்கக்கூடாது என்பதால் சொல்கிறாளாம்: பொடியனை மறுபடியும் கோப்பை கழுவ இறக்கிவிட்டார்கள். ஒரு விருந்தாளியின் தட்டில் முடி கிடந்ததாம். தட்டைப் பார்க்காமல் வைத்தது என் பிழை என்று இவனே சொல்லியிருக்கிறான். இனி எப்போது மேலே எடுப்பார்களோ தெரியாதாம்.

யாக்கோப்பு அன்றைக்கே தீர்ப்பை எழுதிவிட்டான். முடி கிடக்கிற தட்டைப் பார்க்காமல் வைக்கிறவன் குடும்பத்தை எப்படிப் பார்ப்பான், இந்தச் சம்பந்தம் வேண்டாம், நாளைக்கே மேரிறோஸுக்குச் சொல்லிவிடலாம் என்றான். பியற்றிஸ் படத்தை வெளியே எடுத்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

இம்மாகுலேற் அடுப்படியில் நின்றாள். பேசாமல் இருந்தால் இத்தோடு முடிந்துவிடும். அவளை ஒருவரும் கேட்கப்போவதில்லை. கவிழ்ந்து கிடந்த படத்தின் வெள்ளை முதுகைப் பார்த்தாள்.

"அது என்ர முடி," என்றாள்.

"எது?" என்றான் யாக்கோப்பு.

"தட்டில கிடந்த முடி. நான்தான் பிடுங்கி வைச்சனான். அவர் என்ன செய்யிறார் எண்டு பாக்க."

பியற்றிஸ் திரும்பி அக்காவின் கொண்டையைப் பார்த்தாள்.

"உனக்கு விசரோ அக்கா?" என்றாள் பியற்றிஸ்.

உடனேயே அவள் மேரிறோஸிடம் இலக்கம் வாங்கி, ஹோட்டலுக்கே டெலிபோன் எடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். வந்தவளின் முகம் சிவந்திருந்தது.

"நீ ஆரெண்டு, லிஃப்டில ஏற முதலே அவருக்குத் தெரியுமாம். பாஸ்போட்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு, லண்டனில இருந்து தனிய வந்திருக்கிறாய். வரவேற்பில நிக்கிறவன் உடனயே போய் அவருக்குச் சொல்லியிருக்கிறான்."

யாக்கோப்பு தொடையில் தட்டினான். "அப்ப எல்லாம் நடிப்பு. இவவுக்குக் காட்டத்தான் அந்தக் குழந்தையும் கிழவரும்."

இம்மாகுலேற்றுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மூன்று நாள் லீவு எடுத்து, ஒளித்துப் போய்ப் பார்த்ததெல்லாம் தனக்காகவே போட்ட நாடகமா? பிறகு அந்தச் சுவரோரத்தை நினைத்துப் பார்த்தாள்.

"சிரிச்சது நடிப்பாயிருக்கலாம்," என்றாள் மெல்ல. "ஆனா முடி ஆருடையது எண்டும் தெரிஞ்சிருக்கு. மனேச்சருக்கு முன்னால என்ர கொண்டையை ஒருக்காக் காட்டியிருந்தா அவரின்ர வேலை தப்பியிருக்கும். குசினியைக் காட்டியிருந்தாலும் தப்பியிருக்கும். ஏன் காட்டேல்லை?"

"கேட்டனான்," என்றாள் பியற்றிஸ். "குசினியைக் காட்டினா அங்க தட்டுக் கழுவுற மனிசியை வேலையால நிப்பாட்டுவினமாம். உன்னைக் காட்டினா நீ எல்லாருக்கும் முன்னால வெக்கப்படுவியாம். ஆனா அவருக்குக் கோவம் அக்கா, நல்ல கோவம். ஒளிச்சு வந்து விடுப்புப் பாத்தது பரவாயில்லையாம். 'உங்கட அக்காவும் ஹோட்டலில வேலை செய்யிறவ எண்டு சித்தி சொன்னவ, அதுதான் நோகுது' எண்டார்."

இம்மாகுலேற் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். 

அவன் வேறொன்றும் சொல்லியிருந்தான். நடந்ததை அக்கா தன் கையெழுத்தோடு முகாமையாளருக்கு எழுத வேண்டும். எழுதினால் மேலே கதைக்கலாம். எழுத ஏலாதென்றால், பியற்றிஸுக்கு வேறு நல்ல இடம் அமையட்டும்.

பிளேஸ்டோவிலிருந்து பாடிங்டனுக்கும் திரும்பியும் இரண்டு நாள் ரயிலில் இருந்து அவள் அந்தக் கடிதத்தை யோசித்தாள். விருந்தாளிகளின் கடிதம் அவளுக்குப் புதிதல்ல. பாடிங்டனில் துப்புரவுக்காரர் உடுப்பு மாற்றும் அறையில், எல்லாரும் படிக்கட்டும் என்று ஒட்டி வைப்பார்கள். துவாய் ஈரம், தலையணை மணக்கிறது, அறைக்காரி முறைத்தாள். பிழை என்னுடையது என்று எந்த விருந்தாளியும் எழுதி அவள் படித்ததில்லை. எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை.

கடைசியில் தமிழில் சொன்னாள், பியற்றிஸ் ஆங்கிலத்தில் எழுதினாள். கடிதம் அரைப் பக்கம்கூட வரவில்லை. முடி என்னுடையது, நான்தான் வைத்தேன், உங்கள் ஆட்கள் ஒருவர்மீதும் பிழையில்லை. தான் பதினொரு வருஷமாக ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள் என்பதையும் போடச் சொன்னாள். அது தேவையில்லை, இன்னும் வெட்கக்கேடு என்றாள் பியற்றிஸ்.

"போடு. இல்லாட்டி என்ன செய்தனான் எண்டு அவைக்கு முழுக்க விளங்காது."

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிறகு மேரிறோஸுக்கும் டெலிபோனில் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தைவிட அது கஷ்டமாக இருந்தது. மேரிறோஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, டெலிபோனை வைத்துவிட்டாள். இனி மூன்று மாதத்துக்குள் லண்டனில் இருக்கிற ஊர்ச்சனம் அத்தனைக்கும் அது தெரிந்துவிடும். தெரியட்டும் என்று விட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சோறு போடும் நேரத்தில் டெலிபோன் அடித்தது. பியற்றிஸ் ஓடிப்போய் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை தொடக்கம் அவன் மறுபடியும் சாப்பாட்டுக்கூடத்தில் நிற்கிறானாம் என்பதை சிரிப்போடு வாயைப் பொத்திக்கொண்டு வந்து சொல்லிவிட்டு ஓடினாள். அதன்பிறகு ஓம் என்பதும் சிரிப்பதுமாக முக்கால் மணித்தியாலம் போனது. யாக்கோப்பு தனியே சாப்பிடத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, உன்னோட கதைக்கோணுமாம்."

இம்மாகுலேற் கையைச் சேலையில் துடைத்துவிட்டு றிசீவரை வாங்கினாள். அவன் தமிழ் பேசி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அக்கா, கடிதத்தில முடியைப் பற்றி எழுதினனீங்கள். சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை எண்டு குசினிக்காரர் கேக்கினம்."

நல்லாயிருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த மனிதனிடம் இனிப் பொய் வேண்டாம் என்று நினைத்தாள்.

"சமைச்சது பிழையில்லைத் தம்பி. ஆனா உறைப்பெண்டு மருந்துக்கும் இல்லை. எனக்கு இறங்கேல்லை."

அந்தப் பக்கத்தில் அவன் சிரிப்பது கேட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் கேட்ட சிரிப்பு அல்ல, மூக்கால் வருகிற, அடக்கத் தெரியாத சிரிப்பு.

"சொல்லிவிடுறன்," என்றான். "ஆவணியில அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்த முறை சொல்லிப்போட்டு வாங்கோ."

"ஓம்," என்றாள் இம்மாகுலேற். றிசீவரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய சோற்றை ஆறாமல் மூடி வைத்தாள்.