பதினேழு புத்தகங்களில் டுரியான் வாடை

மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் வேலாயுதத்துக்கு முகநூலில் வேறொரு பெயர் இருந்தது: கிள்ளான் களஞ்சியம். ‘நம்ம ஊர் கேள்வி பதில்’ என்ற குழுவில் ஒன்பதாயிரம் பேர். யார் எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதிலைச் சொல்லிவிட்டு, கேள்வியை மறந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். நண்பகல் வாக்கில் களஞ்சியம் வந்து நாலு வரி போடுவார். அத்தோடு சண்டை அடங்கும்.

அந்த நாலு வரி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி விடும்வரை வேலாயுதம் பொது நூலகத்து ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருப்பார். குழுவில் வந்த கேள்வியைத் தன் சொந்தக் கவலைபோல நூலகர் நாஜியாவிடம் கேட்பார். செடியில் பூச்சி என்றால் எந்தச் செடி, தொட்டியிலா தரையிலா, பூச்சி பறக்குமா என்று நாஜியா திருப்பிக் கேட்பார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். வேலாயுதம் வேனில் உட்கார்ந்து அதை அப்படியே போனில் தட்டிவிடுவார். இந்தக் கணக்கில், சினையான பூனை, ஒழுகும் கூரை, கண்ணாடி போட மறுக்கும் மாமியார், உயில் எழுதாமல் செத்துப்போன சித்தப்பா என்று இல்லாத குடும்பம் ஒன்று அவருக்கு நூலகத்தில் உருவாகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, மேரு சாலை ஓரத்தில் வேனை நிறுத்தி, வாடை ஊரைத் தூக்கும் டுரியான் பழம் சாப்பிட்டார். மடியில் மீன் வளர்ப்பு பற்றிய நூலகப் புத்தகம். ஒரு சுளை வழுக்கி நடுப்பக்கத்தில் விழுந்தது. வழித்துத் தின்றுவிட்டு, அன்று மாலையே நூலக வாசலில் இருந்த புத்தகம் போடும் பெட்டியில் அதைத் தள்ளிவிட்டார்.

திங்கள் காலை ‘புத்தகப்பூச்சி’ என்ற பெயரில் ஒருவர் குழுவில் கேட்டிருந்தார்: நூலகப் பெட்டியில் கிடந்த பதினேழு புத்தகங்களிலும் டுரியான் வாடை, எப்படிப் போக்குவது? வெயிலில் வை என்றார் ஒருவர். சாம்பிராணி போடு என்றார் இன்னொருவர். வேறு இருவர் மூசாங் கிங் ரக டுரியான் உசத்தியா, கிராமத்துக் கம்பத்து டுரியான் உசத்தியா என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் களஞ்சியத்தை அழைத்தார்கள்.

வேலாயுதம் வேனில் உட்கார்ந்து அதைப் படித்தார். பதில் போடாவிட்டால் மானம் போகும். பதில் தெரிந்த ஒரே ஆளிடம் போனால் அதைவிட மோசம். கடைசியில் மானமே பெரிதென்று நூலகத்துக்குப் போனார்.

தன் நண்பர் ஒருவர் கேட்டதாகத்தான் ஆரம்பித்தார். சுளை பட்டதா வாடை மட்டுமா, எந்தப் பக்கம், மூடிய இடத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று நாஜியா கேட்டார். வேலாயுதம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், நண்பரின் புத்தகத்தைப் பற்றித் தனக்கு இவ்வளவு தெரிந்திருக்கக்கூடாது என்று உறைத்தது.

நாஜியா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “நானும் ஃபேஸ்புக்ல அதத்தான் கேட்டிருக்கேன் அண்ணே. அங்க களஞ்சியம்னு ஒருத்தர் இருக்கார், அவருக்குத் தெரியாதது இல்ல லா. என்னமோ இன்னிக்கு இன்னும் காணோம்.”

ஏர்கோனுக்கு நேர் கீழே நின்றும் வேலாயுதத்துக்கு வேர்த்தது.

“நான்தான்மா அது.”

“எது? டுரியானா, களஞ்சியமா?”

“ரெண்டும்தான்.”

நாஜியா அப்போதுதான் சிரித்தார். டுரியான் யாருடையது என்பதை, மீன் புத்தகத்தை இரவல் வாங்கியவர் பெயரைக் காட்டிக் கம்ப்யூட்டர் காலையிலேயே சொல்லிவிட்டதாம். களஞ்சியம் யார் என்பது போன வருடமே தெரியுமாம்: துண்டுத்தாளில் வேப்பெண்ணெய் என்று எழுதவேண்டிய இடத்தில் நாஜியா அவசரத்தில் வேப்பண்ணை என்று எழுதிவிட, களஞ்சியமும் செடிக்கு வேப்பண்ணை தெளிக்கச் சொல்லியிருந்தார். இருநூறு பேர் அதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

பதில் எழுதிய தாள் விசைப்பலகைக்கு அடியில் தயாராக இருந்தது. மூடி போட்ட பெரிய பெட்டியில் புத்தகங்களை விரித்து நிறுத்தி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து, பல நாள் மூடிவைக்க வேண்டும். அதை வேலாயுதம்தான் செய்ய வேண்டும், அவர் வீட்டிலேயே. பதிலை எங்கே வாங்கினார் என்பதையும் குழுவில் எழுத வேண்டும். முதலாவதுக்கு அவர் உடனே சம்மதித்தார். இரண்டாவதை எழுத வேனில் அரைமணி நேரம் ஆனது.

அவர் மனைவி சீதாலெட்சுமி பத்து நாள் அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் வரவில்லை. குழுவில் பாதிப் பேர் கிண்டல் செய்தார்கள். மீதிப் பேர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்கள்.

வாடை போன புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அவர் போன அன்று நாஜியாவின் முகப்பு மேசை முன் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். வேலாயுதம் ஏழாவதாக நின்றார். முறை வந்ததும் புத்தகங்களை வைத்துவிட்டு, முழங்கால் வலிக்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“யாருக்கு அண்ணே?” என்றார் நாஜியா.

“எனக்குத்தான்மா. இது நெசம்.”