உப்பில்லாத அசனம்

அசனத்துக்கு ஆட்டுக்கறி ஆக்க வேண்டும் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

அசனம் என்பது எங்கள் சபையில் வருசத்துக்கு ஒரு நாள் ஊருக்கே போடும் விருந்து. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பாய் விரித்து, வருகிறவர்கள் யார் எவர் என்று கேட்காமல் இலை போடுவோம். வழக்கமாக வீட்டுக்கு வீடு அரிசி பருப்பு சேர்த்துத்தான் சமைப்பது. இந்த வருசம் எல்லாமே எங்கள் வீட்டுச் செலவு என்று போதகரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

காரணம் இருந்தது. போன ஆடியில் என் வீட்டுக்காரர் ஜெயக்குமார் வத்தல் மூட்டை ஏற்றிப்போன வண்டி பாலவனத்தம் பக்கம் குப்புறக் கவிழ்ந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். “எதுக்கும் மனசைத் தேத்திக்கோங்கம்மா” என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்த மனுசன்தான் ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, “செல்வி, காப்பி இருக்கா?” என்று கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார். ஒரு இடத்தில் உட்கார் என்றால் உட்காருவதில்லை.

அந்தச் சந்தோசத்துக்கு, அந்தக் கிருபைக்கு, நான் வைக்கிற விருந்து இது. கறி இல்லாமல் எப்படி? அவர் சொன்னார்:

“தை மாசம் செல்வி. ஊர்ல பாதிப் பேரு பழனிக்கு மாலை போட்டிருக்காக. கறி ஆக்குனா அவுக எப்படிச் சாப்பிடுவாக?”

“அவுகளுக்காகவா ஏசப்பா உங்கள எழுப்பி விட்டாரு?”

“அவுகளும் சாப்பிடட்டும்னுதான் எழுப்பி விட்டாரோ என்னமோ.”

கால்தான் தாங்கித் தாங்கி நடக்கிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே சாம்பார் என்று முடிவானது. கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் எல்லாம் போட்டு அண்டா அண்டாவாக நானே நின்று ஆக்கினேன். கூட நின்றது அடுத்த வீட்டு முனீஸ்வரி. அவள் கும்பிடும் சாமி வேறு. ஆனால் நான் மதுரையில் கிடந்த நாளெல்லாம் என் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவள் அவள்தான்.

அசனச் சமையலில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. போதகர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாலும் தப்பு. புளிப்போ உறைப்போ, எல்லாம் மூக்கை வைத்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே நாளில் பலசரக்குக் கடை பால்ச்சாமி மகள் சுவாதிக்குக் கல்யாணம். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு மண்டபத்தில். பால்ச்சாமிக்கும் எனக்கும் ஒரு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. முந்தின கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வீடு வீடாகப் பாடிப் போனபோது, தூக்கம் கெட்டுப்போச்சென்று போலீசுக்குப் போன் போட்டு எங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கொடுத்த புண்ணியவான் அவர். அன்றிலிருந்து அவர் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை. உப்பு தீர்ந்தால்கூட திருச்சுழிக்கு பஸ் ஏறுவேன். எனக்கு ரோசம் ஜாஸ்தி. அதை நான் மறைப்பதே இல்லை.

ஆராதனை முடிந்த நேரம். அண்டாக்களை மூடி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இலை வாங்கப் போன முனீஸ்வரி ஓட்டமாக வந்தாள்.

“அக்கா, சேதி தெரியுமா? பால்ச்சாமி அண்ணாச்சி வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மொத்தமும் ரோட்டுல கொட்டிப் போச்சாம்!”

அருப்புக்கோட்டையில் ஆர்டர் கொடுத்திருந்தார்களாம். சாப்பாடு ஏற்றி வந்த வண்டி பாளையம்பட்டி தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோறும் சாம்பாரும் பாயாசமும்தான் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டன.

“தாலி கட்டியாச்சு. மாப்ள வீட்டுக்காரக ரெண்டு பஸ்ஸுல வந்து எறங்கி, எலையப் போட்டு உக்காந்திருக்காக. அண்ணாச்சி சமையக்கட்டுல தலையில கைய வச்சு அழுகுறாரு. பொண்ணு குடுத்த வீட்டுல சோறு இல்லன்னு போயிட்டா, அந்தப் பிள்ள காலமெல்லாம் பேச்சு வாங்கணுமேக்கா!”

உண்மையைச் சொன்னால், என் மனசுக்குள் ஒரு குட்டி வெடி சந்தோசமாக வெடித்தது. வேணும், நல்லா வேணும். அந்தப் புகை அடங்குவதற்குள் பின்னால் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினால், சேதி எனக்கு முன்னமே காதில் விழுந்த என் வீட்டுக்காரர் ஒரு சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சபை ஆட்களை வைத்துச் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கம்பால் வேறு வழி காட்டுகிறார்.

“எங்க போவுது என் அண்டா?”

“மண்டபத்துக்கு.”

“இது நான் ஆண்டவருக்கு ஆக்குன சோறு.”

“சரி. அவரு எந்தப் பந்தியில உக்காரணும்னு நீ சொல்றியா, அவரு சொல்வாரா?”

“அந்தாளு நம்மளப் போலீசுல புடிச்சுக் குடுத்தாரு.”

“ஆமா. அவரு வயிறு பசிக்கலையே செல்வி. வந்தவுக வயிறுல்ல பசிக்குது. சுவாதிப் பிள்ள மானமுல்ல போவுது.”

எனக்குச் சண்டை போடத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. அந்த முகம் திரும்பி வராதென்று நினைத்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். போதகரும் அங்கியோடு வந்து நின்றார். “நானே ஒன்கிட்டக் கேக்கலாம்னுதான் வந்தேன், தங்கச்செல்வி. மொகத்தப் பாத்ததும் தைரியம் வரல” என்றார்.

“அண்டாவ ஏத்திட்டா ஆச்சா?” என்று கத்தினேன். “பரிமாற ஆளு? அப்பளக் கூடைய யாரு எடுக்குறது? எல்லாரும் வாங்க!” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே முதல் ஆளாக வண்டியில் ஏறினேன். போதகர் தெருவிலேயே நின்று அண்டாக்களைப் பார்த்து ஒரு அவசர ஜெபம் பண்ணினார். அசனத்துக்கு வந்தவர்கள் பசியோடு வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். எவரும் முணுமுணுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இது திருவிழா மாதிரி இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பேச்சுக்கு இடமில்லை. ஒருத்தர் சோறு, ஒருத்தர் சாம்பார், ஒருத்தர் பொரியல் என்று சரசரவென்று இலைகள் நிறைந்தன. மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மீசைக்காரர், பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“சாம்பாரு மணமாத்தான் இருக்கு. உப்புத்தான் ஊர்லயே விட்டுட்டு வந்துட்டீகளோ?”

நான் முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ போடல?”

“நீங்க போட்டிருப்பீகன்னுல்ல நெனச்சேன்!”

ஒரு வாய் ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எனக்கு அந்தத் தரையே பிளந்தால் தேவலாம் போல இருந்தது. அப்போது சமையல்கட்டிலிருந்து பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க ஒருவர் எதிரே இருந்த தன் பலசரக்குக் கடைக்கு ஓடினார். பால்ச்சாமி! பெண்ணைப் பெற்றவர், கழுத்தில் மாலையோடு, தோளில் ஒரு உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மண்டபமே சிரித்தது. அவர் அண்டாவில் அள்ளிப் போட, நான் கரைத்துக் கிண்ட, முனீஸ்வரி ஓடி ஓடி ஊற்றினாள். மீசைக்காரர் இரண்டாம் முறை ருசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சம்பந்தி கையால உப்பத் தின்னாச்சு. இனிமே ஒரு சொல்லு மாத்திப் பேச முடியுமாய்யா?” என்றார். மணமேடையில் சுவாதி முகம் அப்படி மலர்ந்தது. எனக்கும் சேர்த்துத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

பழனிக்கு மாலை போட்டவர்கள் தனியாக ஒரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அப்பளம் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். கறி ஆக்கியிருந்தால் இந்தச் சோறு அந்த வாசல்படியைத் தாண்டியிருக்குமா? அவரிடம் அதை ஒப்புக்கொள்வேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசிப் பந்தி எங்களுக்கு. பரிமாறியே பழகியவள் நான். வாளியை விட மாட்டேன் என்றேன். பால்ச்சாமி வந்து வாளியைப் பிடுங்கினார். ஒரு வருசம் கழித்து முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். அவர் கண் கலங்கியிருந்தது.

“உக்காரு தங்கச்சி. நான் வைக்கிறேன்.”

உட்கார்ந்தேன். சோற்றை வைத்தார். சாம்பாரை ஊற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஒங்க மைக்கப் புடிச்சுக் குடுத்தவன் நான். எம் மக மானத்தக் காப்பாத்திட்டீகளே. நான் என்ன செஞ்சேன்னு எனக்கு இதெல்லாம்?”

“ஆஸ்பத்திரியில நானும் இதத்தாண்ணே கேட்டேன்” என்றேன். “வண்டி எடுத்த அன்னைக்குக் காலையில இவருகூடச் சண்டை போட்டு, சோறுகூடப் போடாம அனுப்புனவ நான். ‘நான் என்ன செஞ்சேன்னு இவர எனக்குத் திருப்பித் தந்தீரு?’ன்னு ஏசப்பாகிட்டக் கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதிலு வரல. அதுக்காக வேண்டாம்னா விட்டுட்டு வந்தேன்? கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்ல?”

பால்ச்சாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே வாளியைச் சாய்த்ததில் பாதிச் சாம்பார் தரையில் கொட்டியது.

“எலையில ஊத்துங்கண்ணே” என்றேன். “ஊத்திட்டு நீங்களும் ஒரு எலையப் போட்டு இங்குன உக்காருங்க. காலையில இருந்து ஒங்க வயித்துலயும் ஒண்ணும் விழல.”

அவர் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து அவருக்குச் சோறு வைத்தேன்.