பதினேழு சரி

சலூன்காரருக்கு “சரி” என்பது சொல்லே அல்ல, மூச்சு. கத்தரி ஒரு தடவை நறுக்கினால் வாய் ஒரு தடவை “சரி” என்னும். நாற்காலியில் உட்கார்ந்தவர் மருமகனைத் திட்டினாலும் சரி, மழையைத் திட்டினாலும் சரி, தலைக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றைச் சொல் வந்துகொண்டே இருக்கும். ஒத்துக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள் இல்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதோடு சரி.

அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தால்தான் வம்பு. அவர் மனைவி, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சைகை மொழி கற்றுத்தரும் டீச்சர். வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க என்பாள். சரி என்பார். வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். ஏன் என்று கேட்டால், நீ சொன்னது கேட்டுச்சு, அதத்தான் சரின்னேன் என்று விளக்கம் வேறு. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு கம்பெனி போன் போட்டு விற்கப் பார்த்தால் என்ன ஆகும்? ஆகிவிட்டது.

டீச்சருக்கு வெகுநாளாக ஒரு ஆசை. பள்ளியில் பிள்ளைகள் தங்களுக்குள் கையாலேயே வாயாடுவார்கள், சண்டை போடுவார்கள், கேலி செய்வார்கள். வீட்டுக்குப் போனதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் பெற்றவர்களுக்கு ஒரு சைகையும் தெரியாது. அந்தப் பெற்றவர்களுக்காக அவள் தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து, தன் வீட்டிலிருந்தே வீடியோ வழியாக வாரம் ஒரு மாலை வகுப்பு எடுக்க அனுமதி வாங்கினாள். முதல் வகுப்பிலேயே மானம் கப்பலேறியது. “அம்மா” என்று காட்டக் கையைத் தூக்கினாள், வீட்டு இணைய இணைப்பு அப்படியே உறைந்துவிட்டது. ஆறு வீட்டிலும் ஆறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் தச்சர், ஐந்து வயதுப் பெண் குழந்தையின் அப்பா. இது எனக்கு வராது டீச்சர், என் கைக்கு மரம்தான் புரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தலைமையாசிரியர் கறாரானவர். வருகிற திங்கட்கிழமை இன்னொரு தடவை பாருங்கள், அதுவும் இப்படி ஆனால் வகுப்பை விட்டுவிடலாம் என்று முடித்துக்கொண்டார். தச்சரை டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு தடவை மட்டும் என்று சம்மதிக்க வைத்திருந்தாள்.

தெருவில் வேறொரு கம்பெனி நல்ல வேகத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய கம்பெனி வீட்டுக் கம்பியை விடுவித்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்து மாட்டிவிடுவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை டீச்சர் பழைய கம்பெனிக்குப் போன் செய்து, இணைப்பை ரத்து செய்யச் சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் குரலில் தேனைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் முடியாது மேடம் என்றாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் சார் போனிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறாராம். இருபத்து நான்கு மாதம். கூடவே டிவியில் விளையாட்டு சேனல்கள் முப்பத்தாறு. இடையில் போனால் அபராதம், அதுவும் கட்டி முடித்த பிறகுதான் கம்பி விடுவிக்கப்படும்.

டீச்சருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வீட்டில் விளையாட்டுப் பார்ப்பவர் யாருமே இல்லை. சலூன்காரருக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நேரே சலூனுக்குப் போய் நின்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒரு போன் வந்ததாக ஞாபகம், யாரோ ஒரு பொண்ணு ரொம்ப நேரம் பேசியதாக ஞாபகம், கை வேலையில் இருந்ததால் போனைக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்பீக்கரில் வைத்ததாக ஞாபகம்.

“என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“என்னத்தம்மா சொல்லப்போறேன். பாவம், மூச்சுவிடாம பேசுச்சு. சரி சரின்னு கேட்டுக்கிட்டேன்.”

அவள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு சரி வந்திருக்கும். கம்பெனி இணையதளத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் பள்ளியில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். பதினோரு பக்கம். யாரும் படிக்கக் கூடாது என்றே எழுதிய மொழி. ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. போனில் போடும் ஒப்பந்தம் வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தால்தான் செல்லும். பேச்சின் பதிவை அவர் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கம்பெனி தர வேண்டும். அவர்கள் கையாலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

மறுபடி போன். தேன்குரல் பெண் பாதி விலை என்றாள், புதுப் பெட்டி என்றாள், வேண்டுமானால் சினிமா சேனலையும் சேர்த்துத் தருகிறேன் என்றாள். டீச்சர் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. பதிவு கிடைக்க ஒரு மாதமாகும் என்றதும், ஒன்பதாம் பக்கத்தை நிறுத்தி நிதானமாக, நிறுத்தற்குறிகள் உட்பட வாசித்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிவு வந்துவிட்டது.

அதை சலூனிலேயே கேட்டார்கள். முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியில் இருந்தார், பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். போனிலிருந்து முதலில் டிரிம்மர் சத்தம் வந்தது, அப்புறம் ஒரு பெண்குரல் மூச்சிரைக்க வேகம், சேனல், சலுகை என்று ஓடியது. நடுநடுவே சலூன்காரரின் சரி. டீச்சர் விரல்விட்டு எண்ணினாள். பதினேழு. ஒவ்வொன்றுக்கும் சலூன்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிப்போனார். பிறகு அந்தப் பெண், இருபத்து நாலு மாசத்துக்கு விளையாட்டு சேனலோட சேத்து எடுத்துக்கறீங்களா சார் என்று கேட்டாள். சலூன்காரரின் குரல் கணீரென்று வந்தது.

“எடுத்துடலாம். மொத்தமா எடுத்துடலாம். பாதி நரைச்சும் போச்சு, இனிமே எதுக்கு இது?”

நன்றி சார், உறுதி செய்துவிட்டேன் என்றது பெண்குரல். உடனே சலூன்காரர், கண்ணை மூடிக்குங்க, ஒரே இழுப்புதான், வலிக்காது என்று சொல்வதும் பதிவில் இருந்தது.

நுரைமுகத்துக்காரர்தான் முதலில் வெடித்தார், நுரை கண்ணாடி வரைக்கும் தெறித்தது. டீச்சர் மூன்று நாள் கோபத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

“அது பஸ் டிரைவர் அண்ணனோட மீசை,” என்றார்.

டிரைவர் அண்ணன் முப்பது வருஷம் மீசை வைத்திருந்தவர். பேத்தி பிறந்து, கொஞ்சப் போகும்போதெல்லாம் குத்துகிறது என்று வீரிட்டு அழவும், அன்றைக்கு வந்து எடுத்துடலாமா என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், நான் வந்து சாட்சி சொல்றேன் என்று அவரே கிளம்பிவிட்டார். முப்பது வருஷ மீசைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லையாம்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். சலூன்காரரை வாயைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். முறை வந்ததும் மேலாளர் கவுண்டருக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷர், ஆனால் கம்பெனிச் சோறு தின்பவர். பதிவில் சார் பதினேழு தடவை சரி சொல்லியிருக்கிறார், எடுத்துடலாம் என்றும் சொல்லியிருக்கிறார், இதைவிடத் தெளிவான சம்மதம் ஏது என்று கேட்டார்.

டீச்சர் பதிவை முழுதாகக் கேட்கச் சொன்னாள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நரைத்துப்போன இடம் வந்ததும் அவர் கை தன்னையறியாமல் தன் மீசையைத் தடவியது. அந்த நேரம் பார்த்து டிரைவர் அண்ணன் தன் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார். அட்டையில் மீசை. எதிரே மொழுமொழுவென்று ஒரு முகம். பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே ஓடினாள்.

மேலாளர் ஆட்டம் கண்டுவிட்டார், இருந்தாலும் இறங்கி வரவில்லை. எடுத்துடலாம் மீசைக்கு என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பதினேழு சரி இருக்கிறதே என்றார். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வகுப்பில் பேசுகிற அதே பொறுமையோடு, ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதைச் சொன்னாள். மேலாளர் தலையாட்டி, சரிம்மா என்றார். தெளிவான சம்மதம் இல்லாததால் ஒப்பந்தம் செல்லாது என்றாள். சரி என்றார். ஆகவே அபராதம் கிடையாது. சரிம்மா, சரி. இன்றைக்கே கம்பியை விடுவிக்க வேண்டும். சரி.

“ரொம்ப நன்றி சார். அஞ்சு தடவை சரின்னுட்டீங்க. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

மேலாளர் திடுக்கிட்டார். “நீங்க சொல்றத கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்மா அதுக்கு.”

“இவரும் அதத்தான் சொன்னாரு.”

மேலாளர் அவளைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த மீசையைப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தோற்றதில் சந்தோஷப்படுகிற மனுஷன் மாதிரி விழுந்து விழுந்து சிரித்தார். கடிதம் பத்து நிமிஷத்தில் அச்சாகி வந்தது. டீச்சர் அதை வாங்கியதும் கிளம்பிவிடவில்லை. ஒப்பந்தம் ரத்து, அபராதம் இல்லை, கம்பி இன்றே விடுதலை என்று வரிவரியாகப் படித்து, தேதி விட்டுப்போனதைக் காட்டி எழுத வைத்து, அப்புறம்தான் மடித்துப் பைக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பெனி ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணி. திரையில் ஆறு வீட்டுக்கும் ஆறு கட்டங்கள், ஏழாவதாக மூலைக் கட்டத்தில் தலைமையாசிரியரும் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் கையைத் தூக்கினாள். முதல் சைகையைக் காட்டினாள், படம் அசையாமல் நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. அரை மணி நேரத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு வந்துவிட்டார்கள். “உனக்கு என்ன வேணும்?” என்பதை எப்படிக் கேட்பது என்று காட்டினாள். தச்சர் தன் பெரிய, காய்ப்பேறிய கைகளால் அதை மூன்று தடவை தப்பாகச் செய்து, நான்காவது தடவை ஒழுங்காகச் செய்தார்.

அப்போது அவர் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் திரையை விட்டுத் திரும்பி, அவள் முகத்துக்கு நேரே அதைக் கேட்டார். குழந்தை அப்பாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றாள். பிறகு அவள் விரல்கள் படபடவென்று ஏதோ சொல்லின. தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

“டீச்சர், என்ன வேணுமாம்?”

டீச்சர் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“ஒண்ணும் வேணாமாம். அதையே நீங்க இன்னொரு தடவை கேக்கணுமாம்.”

தச்சர் கேட்டார். அவள் சிரித்தாள். அவர் மறுபடியும் கேட்டார்.