பெயர் மாற்றி எழுதிய அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் உபதேசியார், அந்த வருஷத்துக்கென்று ஒவ்வொருவருக்கும் கர்த்தர் தரும் வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைப் பித்தளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டினார். ஆளுக்கு ஒன்று. ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டார் யாராவது எடுத்து, பின்பக்கம் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்கள். தேவநேசன் இரண்டு எடுத்தான். முதலாவது தனக்கு. இரண்டாவது, துபாயில் கட்டட வேலை பார்க்கும் அண்ணன் செல்லதுரைக்கு. அண்ணி கொளஞ்சி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்ததால் கோவிலுக்கு வரவில்லை.

வழியில் சைக்கிளை நிறுத்திப் படித்தான். அவனுடைய அட்டை, போகிற இடமெல்லாம் காத்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்றது. அண்ணனுடையது, அவன் விழுந்தாலும் கர்த்தர் கைபிடித்துத் தாங்குவார் என்றது. ‘விழுந்தாலும்’ என்ற சொல்லைத் தாண்டி அவன் கண் நகரவில்லை. நாலு மாடி உயரத்துக்குச் சாரத்தில் ஏறி நிற்பவனுக்கு இதுவா வர வேண்டும்? அண்ணி பார்த்தால் தூங்குவாளா? பென்சிலால் பெயர்களை மாற்றி எழுதினான். டைரியில் அதையும் விடாமல் குறித்தான்: ‘அட்டையை மாற்றினேன். செய்தது சரியா, தெரியவில்லை.’

கொளஞ்சி அந்த அட்டையைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து, தினமும் அதன்முன் நின்று ஜெபம் செய்தாள்.

அண்ணனிடமிருந்து மாதம் தவறாமல் வந்த கடிதம் ஜூனில் நின்றது. ஜூலையிலும் இல்லை, ஆகஸ்டிலும் இல்லை. “வாக்குக் குடுத்தவரு கொண்டாந்துடுவாரு” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தேவநேசன் தலையைக் குனிந்துகொண்டான். தனக்கு வந்த வாக்கை வைத்தல்லவா அவள் அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள்!

செப்டம்பரில் ஒருநாள், பெரம்பலூருக்கு டைப்ரைட்டிங் கிளாசுக்குக் கிளம்பும் நேரத்தில் மனசு தாங்காமல் அடுப்படியில் போய் நின்றான்.

“என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பரிச்சை ஊத்திக்கிச்சா?”

“இல்லைங்க அண்ணி. கண்ணாடியில இருக்கறது அண்ணனோட அட்டை இல்ல. என்னோடது. பேர மாத்தி எழுதிட்டேன்.”

டைரிக்குள்ளிருந்த அட்டையை எடுத்து நீட்டினான். கொளஞ்சி படித்தாள். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

“பெரிய கெட்டிக்காரன் நீ! கர்த்தரு குடுத்ததையே திருத்திப்புட்ட!”

“நீங்க பயப்படுவீங்கன்னு...”

“பயந்தது நீ. விழுந்தாலும்னு போட்டிருந்தா அதோட முடிஞ்சு போச்சா? மிச்சத்த யாரு படிக்கறது?”

இரண்டு அட்டைகளையும் கண்ணாடி ஓரத்தில் சேர்த்துச் செருகிவிட்டு வந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு அங்கேயே முழங்காலிட்டாள். “ஆண்டவரே, அட்டைதான் மாறிப்போச்சு. அவரு கைய விட்டுறாதீங்க.” அவ்வளவுதான் கேட்டாள். தேவநேசனும் முழங்காலிட்டான். அன்று கிளாசுக்குப் போகவில்லை.

மறுவாரம் மத்தியான பஸ்ஸில் லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர் ஒருவர் டேப்ரிகார்டரோடு வந்திறங்கினார். பெயர் சிக்கந்தர், லீவில் வந்திருக்கிறார். “செல்லதுரையும் நானும் ஒரே ரூமுதான். பயப்படாதம்மா, அல்லா காப்பாத்திட்டான்” என்று சொல்லி கேசட்டைப் போட்டார்.

“கொளஞ்சி... நாந்தான். மே மாசக் கடைசியில சாரத்துலேர்ந்து விழுந்துட்டேன். கீழ மணல் குமிச்சிருந்தாங்க, அதுல போய் விழுந்தேன். சோத்தாங்கை மட்டும் முறிஞ்சிருச்சு. வேற ஆளு கையெழுத்துல கடுதாசி வந்தா நீ என்னென்னமோ நெனச்சுக்குவன்னுதான் எழுதல. இப்ப வெரலு மடங்குது. தையில வந்துருவேன். புள்ளை சிரிக்கறானா?”

கொளஞ்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கி டேப்ரிகார்டர் அருகில் காட்டினாள். “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தேவநேசனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “கை முறிஞ்சிருச்சே அண்ணி...”

“விழுந்த மனுசன் பேசறாரு தம்பி! ஒனக்கு இன்னும் என்ன வேணும்?”

சிக்கந்தர் சிரித்துவிட்டார். தேவநேசனும் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. கேசட்டை இன்னொரு தரம் போடச் சொன்னான்.

கடைத்தெருப் பக்கம் டவுன் பஸ் ஹாரன் கேட்டது.

“கிளாசுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றாள் கொளஞ்சி. கண்ணாடியில் இருந்த இன்னொரு அட்டையை உருவி அவன் சட்டைப் பையில் வைத்தாள். “இந்தா, ஒன்னோடது. பத்திரமாப் போயிட்டுத் திரும்பி வா.”