ஆறு இலக்கம்

சலவை நிலையத்தில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஓட்டல் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி வெளுத்துக் கொடுக்கும் இடம் அது. வேலையாட்கள் பதினாறு பேர். பத்தொன்பது வருடமாக அவர்களுடைய சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் அவள் கையில் இருந்தன. மாதக் கடைசி வந்தால் மூன்று நாளைக்கு அவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வருகை, கூடுதல் நேரம், வரிப் பிடித்தம், காப்பீட்டுப் பிடித்தம் எல்லாவற்றையும் பேரேட்டில் ஏற்றிக் கூட்டிச் சரிபார்த்து, வரி அலுவலகத்து வரிசையில் கால் கடுக்க நின்று கொடுத்துவிட்டு வருவாள்.

முதலாளியின் மருமகன் தொழிலுக்குள் வந்ததும் முதல் வேலையாகச் சம்பள மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டான். இனி எல்லாம் தானாக நடக்கும் என்றான். உண்மையில் அவளுக்கு அதில் சந்தோஷம்தான். முட்டி வலியோடு வரிசையில் நிற்க வேண்டாம் என்பதே பெரிய விஷயம். மென்பொருள் கால் மணி நேரத்தில் கணக்குப் போட்டு, வரி அலுவலகத்துக்கு நேராக அனுப்பிவிடும். ஒன்றே ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் பொறுப்பாளராக அலுவலகத்தில் பதிவாகியிருந்தது அவள் பெயர். அதனால் அனுப்பும் நேரத்தில் ஆறு இலக்க ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். மருமகன் கூப்பிட்டு, நம்பர் வந்ததா என்பான். அவள் வாசித்துச் சொல்வாள். ஒரு மாதம் பேருந்தில் தொங்கிக்கொண்டே சொன்னாள். இன்னொரு மாதம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். இப்படி ஐந்து மாதம் போயிற்று.

ஆறாவது மாதம், கணக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலையில், மடிப்பு அறையில் வேலை செய்யும், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எட்டு நாளைக்கு முன்பு நீராவி உருளையில் கை பட்டு வெந்துபோயிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

"நான் இங்க வேலையே பாக்கலையாம், கணக்கம்மா" என்றாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் சிகிச்சைப் பணம் கேட்கப் போயிருக்கிறாள். அங்கிருந்தவர் கணினித் திரையையே அவள் பக்கம் திருப்பிக் காட்டினாராம். ஐந்து மாதமாக அவள் எந்த நிறுவனத்திலும் ஊழியர் இல்லை. சொந்தமாகத் தொழில் செய்து, ஒப்பந்தத்துக்கு வேலை எடுத்துச் செய்பவள். அடிபட்டால் அவள் செலவு அவளைச் சேர்ந்தது.

"எனக்குன்னு ஒரு கம்பெனி இருக்காம். எங்க இருக்குன்னு கேட்டேன். அவருக்கும் தெரியல."

கணக்கம்மா மென்பொருளைத் திறந்தாள். எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் நெட்டை மட்டும் இல்லை, மடிப்பு அறைப் பெண்கள் ஆறு பேருக்கும் நேராக 'ஒப்பந்தம்' என்று இருந்தது. முதலாளி இவர்களுக்காகக் கட்ட வேண்டிய காப்பீட்டுப் பங்கும் ஓய்வூதியப் பங்கும் பூஜ்யம். அதே சமயம் ஒப்பந்தக்காரர் வரி என்று இவர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பறிபோயிருந்தது. சம்பளம் ஏன் குறைகிறது என்று அந்தப் பெண்கள் அவளிடம் வந்து கேட்டதுண்டு. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சிஸ்டம் பிடிக்கிறது, நானா பிடிக்கிறேன் என்று அவள் எரிந்து விழுந்து அனுப்பியிருந்தாள். அது இப்போது நினைவுக்கு வர, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வேலை நேரத்தைப் பார்த்து மென்பொருளே ஆட்களை வகை பிரித்துவிடும், அதில் யாரும் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நம்பவில்லை. கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் அழுத்தித் திறந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து, எங்கேயோ அடியில் 'மாற்றங்களின் வரலாறு' என்று ஒரு பக்கம் அகப்பட்டது. தேதி, நேரம், ஆறு பேரின் பெயர், பழைய வகை, புதிய வகை. கடைசிக் கட்டத்தில், மாற்றியவர் யார் என்பது. அங்கே இருந்தது அவள் பெயர்.

அந்தத் தேதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கணவனுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த நாள். காலை முதல் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவன் மருமகன். அதை அவனும் வைத்திருந்திருக்கிறான்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு பைசா பிசகாத கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்தக் கையைத் திருடி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும் பெண்களின் வயிற்றில் அடித்திருக்கிறான்.

முதலாளியின் கண்ணாடி அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். மருமகனும் மடிக்கணினியோடு அங்கேதான் இருந்தான். விஷயத்தைச் சொன்னபோது முதலாளி திடுக்கிடவில்லை. அவருக்கும் தெரியும் என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தில்தான் மாற்றம், யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே என்றார். பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்டிச் சின்னத் தொழில் பிழைப்பது எவ்வளவு பாடு என்று ஆரம்பித்தார்.

"என் பேர்ல பண்ணிருக்கீங்க" என்றாள் அவள்.

மருமகன் லேசாகச் சிரித்தான். "யார் பேர்லயாவது பண்ணித்தானே ஆகணும்?"

சொல்லிக்கொண்டே மடிக்கணினியில் எதையோ தட்டினான். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நம்பர் வந்ததா என்று கேட்டான், எல்லா மாதமும் கேட்கிற அதே குரலில்.

அவள் அந்தச் செய்தியை முதல் தடவையாக மேலிருந்து வாசித்தாள். இதுவரை கடைசி வரியை மட்டுமே பார்த்துப் பழக்கம். ஆறு இலக்கத்துக்கு மேலே இருந்தது: 'இக்கணக்கிலுள்ள விவரங்கள் யாவும் உண்மை என்று நான் உறுதியளிக்கிறேன்.' ஐந்து முறை உறுதியளித்திருக்கிறாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வந்துருக்கு. தர மாட்டேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்குள் கணக்குப் போகாவிட்டால் அபராதம். அதைவிடப் பெரிய இடி, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்த மாத வரி ரசீது வேண்டும். மருமகன் முகம் சிவந்து, அவள் போன் எண்ணையே தூக்கிவிட்டுத் தன் எண்ணைப் போடுவதாகச் சொல்லித் தட்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வருமாம். அத்தனை ஆத்திரத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அதுவும் வந்துருச்சு, தம்பி."

முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். அனுப்புங்கள், போனும் என்னோடு வரும் என்றாள். பிறகு அவர் குரல் இறங்கியது. அவள் மகள் படிப்புக்கு முன்பணம் கொடுத்ததை நினைவூட்டினார். அவள் மறக்கவில்லை. முப்பது மாதம் தன் சம்பளத்திலிருந்து தானே பிடித்துக் கட்டியவள் அவள்.

"ஆறு பேரையும் திரும்ப ஊழியராப் போடுங்க. இந்த மாசம் மட்டுமில்ல, அஞ்சு மாசத்தையும் திருத்துங்க. புடிச்ச வரியத் திருப்பிக் குடுங்க. நெட்டைக்கு வேலைலதான் அடிபட்டுச்சுன்னு பதிவு பண்ணுங்க. எல்லாத்தையும் இவர் பேர்ல உள்ள போய் இவரே பண்ணட்டும்."

மதியம் மூன்றரைக்குத்தான் மருமகன் உட்கார்ந்தான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஆறு பேர், இந்த மாதத்தோடு சேர்த்து ஆறு மாதம், முப்பத்தாறு திருத்தம். வேண்டுமென்றே தப்பும் தவறுமாகத் தட்டினான். ஒவ்வொன்றையும் அவள் அழித்துத் திரும்பப் போட வைத்தாள். ஒவ்வொரு மாதக் கணக்குக்கும் தனித்தனியாக ஓடிபி வந்தது. ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்த பிறகுதான் இலக்கத்தைச் சொன்னாள். கடைசி ரசீது வரும்போது மணி நான்கு ஐம்பது.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் தப்பித்தது. அவள் வேலை தப்பவில்லை. பத்து நாள் கழித்து, மென்பொருளே எல்லாம் பார்த்துக்கொள்வதால் கணக்குக்கு ஆள் தேவையில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவள் நேராக வரி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, பொறுப்பாளர் பதவியிலிருந்து தன் பெயரை நீக்க எழுதிக் கொடுத்தாள்.

மடிப்பு அறைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பப் போனபோது யாரும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லவில்லை. விரிப்புகளை மடித்தபடியே இருந்தார்கள். நெட்டைதான் வாயைத் திறந்தாள். அவளுக்குச் சிகிச்சைப் பணம் இன்னும் வந்து சேரவில்லை.

"நாங்க மூணு தடவ வந்து கேட்டோம். அப்பவே ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம்ல?"

கணக்கம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவன், எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்குப் பொருமிக்கொண்டிருக்கிறாய், விடு என்றான். அவளால் விட முடியவில்லை. தன் பெயரில் உள்ளே நுழைந்து பொய்க் கணக்குக் காட்டியதாக மருமகன்மேல் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். வேலையில் இருந்தபோதே அச்செடுத்து வைத்திருந்த மாற்றங்களின் வரலாற்றுப் பக்கத்தையும், கணவனின் அறுவை சிகிச்சைச் சீட்டையும் இணைத்து வரி அலுவலகத்தில் கொடுத்தாள். ஒன்றரை மாதத்தில் நெட்டைக்குப் பணம் வந்துவிட்டது. புகாருக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய்க் கேட்டாள். சாளரத்திலிருந்த பெண் சலித்துப்போய், இதற்காக இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"பரவால்ல. நேர்லயே வர்றேன்" என்றாள் கணக்கம்மா.

அடுத்த செவ்வாயும் போனாள்.