எழிலரசியின் இடுக்கி

"நோயாளியா நானே படுத்துக்கிறேன் மேடம்" என்று மோகனப்ரியா தானாகக் கையைத் தூக்கினாள். செந்தாமரை இதை எதிர்பார்க்கவில்லை. இவளை எப்படிக் கட்டிலில் படுக்கவைப்பது என்று படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டு வந்திருந்தாள். இவள் என்னடாவென்றால் தானே வந்து மாட்டுகிறாள்.

ஒரகடத்தில் இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே இருக்கிற முதியோர் இல்லம் அது. திருநங்கைகள், ஆணோடு ஆணாகவும் பெண்ணோடு பெண்ணாகவும் வாழ்ந்து கிழமானவர்கள், இவர்களையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அங்கே வேலை பார்க்கும் ஆயாக்களுக்கு அன்றைக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவள் செந்தாமரை. அறுபதைத் தாண்டிய திருநங்கை. வகுப்பு ஒழுங்காக நடந்தால் வயசான திருநங்கைகளுக்கு ஒரு தனி அறை ஒதுக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. "அங்க போயி சண்ட கிண்ட வலிச்சிடாதடி. அப்பறம் நம்ம கெழவிங்க தெருவுலதான் கெடக்கணும்" என்று சங்கத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சண்டை போடக் கூடாது, சரி. அதற்காகச் சும்மா விட்டுவிட முடியுமா?

போன ஆடியில் எழிலரசியை இங்கேதான் சேர்த்தாள் செந்தாமரை. முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள். பக்கவாதம் வந்து எழிலரசிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் எழுந்ததும் காபிகூட வேண்டாம் அவளுக்கு, கண்ணாடியும் முடி பிடுங்கும் சின்ன இடுக்கியும்தான் வேண்டும். மோவாயில் ஒரு முடி தெரிந்தாலும் வாசல் தாண்ட மாட்டாள். ஆதார் கார்டில் ஏகாம்பரநாதன் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தச் சூப்பர்வைசர் மோகனப்ரியாதான் அவளை ஆண்கள் வார்டில் போட்டாள். கூந்தலை ஒட்ட வெட்டி லுங்கி கட்டிவிட்டாள்.

அடுத்த முறை செந்தாமரை போனபோது எழிலரசியின் முகமெல்லாம் வெள்ளைத் தாடி. இவளைக் கண்டதும் நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எத்தனை கூப்பிட்டும் எடுக்கவில்லை. "இடுக்கி எடுத்தாந்துகீறேன், ரெண்டு நிமிசம் வுடும்மா" என்று செந்தாமரை கெஞ்சினாள். "இப்ப ரவுண்ட்ஸ் நடக்குது, அப்பறமா வா" என்று மோகனப்ரியா வெளியே அனுப்பினாள். அந்த அப்புறம் வரவே இல்லை. தாடியோடுதான் புதைத்தார்கள்.

அந்தப் பாவிக்கு இன்று செந்தாமரையை அடையாளம்கூடத் தெரியவில்லை. காலையிலிருந்து மேடம் மேடம் என்று டீயும் பிஸ்கட்டுமாக உபசரிக்கிறாள். வயிறு எரியாதா?

"படுத்துக்கோம்மா. உனுக்குப் பக்கவாதம், கை கால் வராது" என்றாள் செந்தாமரை. சேலைக்கு மேலேயே லுங்கியைச் சுற்றினாள். பையிலிருந்து கண்மை டப்பியை எடுத்தாள். சுங்குவார்சத்திரம் பார்லரில் புருவம் திருத்திக்கொண்டு வந்த அந்த முகத்தில் மீசை வரைந்து, தாடியைக் காது வரைக்கும் இழுத்தாள். ஆயாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மோகனப்ரியாவும் சிரித்தாள்.

"இவரு பேரு ஏகாம்பரநாதன். எல்லாரும் கூப்புடுங்க."

"ஏகாம்பரம் அய்யா! சாப்ட்டீங்களா அய்யா?" என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஒருத்தி போட்டோ எடுக்க செல்போனை நீட்டினாள்.

மோகனப்ரியாவின் சிரிப்பு நின்றது. செந்தாமரையின் முகத்தை இப்போதுதான் பார்த்தாள். பார்டி, நன்றாகப் பார்.

"அக்கா... போதும்கா. தொடச்சி வுடுங்க."

"இப்ப க்ளாஸ் நடக்குது" என்றாள் செந்தாமரை. "அப்பறமா."

மோகனப்ரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. இதற்காகத்தானே வந்தாள் செந்தாமரை! கிடக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் மூச்சுமுட்டிக் கிடக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயை ருசித்துக் குடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாரிசெல்வி என்கிற ஆயா எழுந்தாள். பிழைப்புக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், பேரன் எடுத்தவள். துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"நான் மாரிசெல்வி. ஒங்கள எப்படிக் கூப்பிடணும்? மொகத்தத் தொடைக்கட்டுமா?"

காலையில் செந்தாமரை சொல்லிக்கொடுத்ததுதான். கேட்காமல் தொடாதே, கேட்காமல் பெயர் வைக்காதே என்று தொண்டை வற்றக் கத்தியிருந்தாள். அப்படியானால் வகுப்பு நன்றாகத்தான் நடந்திருக்கிறது, அறை கிடைத்துவிடும். ஆனாலும் மாரிசெல்வியின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது. அன்னிக்கு எங்கடி போயிருந்த? எங்க எழிலுகிட்ட ஒருத்தியும் கேக்காதத இவகிட்டயா கேக்குற?

இடுப்பில் செருகியிருந்த எழிலரசியின் இடுக்கி குத்தியது. செந்தாமரை அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள். போர்வையின் விளிம்பைப் பிடித்திருந்த நாலு விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஈரத் துண்டோடு மாரிசெல்வி குனிந்தபடியே நின்றிருந்தாள்.